பொட்டு வைத்த பன்னிரண்டு பொட்டலங்கள்

ஓடாத சக்கரத்துக்கு எதற்கு எலுமிச்சம்பழம்? நீங்களே சொல்லுங்கள். போன வாரம் ரிங் ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கிற ஒரு ஓட்டலுக்குப் போயிருந்தேன். ஓட்டல் என்றால் கட்டடம் இல்லை. படையிலிருந்து ஓய்வு கொடுத்த ஒரு சரக்கு விமானம். இறக்கையைக் கழற்றி லாரியில் கொண்டுவந்து, மறுபடி மாட்டி, சிமென்ட் மேடைமேல் நிறுத்தி, அதன் வயிற்றுக்குள் மேஜை நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஆயுத பூஜை முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. மூக்கில் வாடிப்போன செவ்வந்தி மாலை, படிக்கட்டின் இரண்டு பக்கமும் தொங்கிப்போன வாழைக்கன்று, ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலும் ஒரு எலுமிச்சம்பழம். வண்டி நகர்ந்தால்தானே பழம் நசுங்கும்? யாரோ பொறுக்கமாட்டாமல் ஒன்றை மட்டும் செருப்புக் காலால் மிதித்து வைத்திருந்தார்கள்.

பேரனுக்குப் பிறந்தநாள். அதனால்தான் போனேன், இல்லாவிட்டால் நான் ஏன் அந்தப் பக்கம் போகிறேன்! உள்ளே நுழைந்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. ஊதா விளக்கு, காது கிழிகிற பாட்டு, தரையில் தக்காளி சாஸ். சிப்பாய்கள் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்து போன இடத்தில் நாலு பேர் கோபி மஞ்சூரியனை ஆளுக்கொரு முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தார்கள். பரிமாறுகிற பையன்களுக்குப் பைலட் தொப்பி வேறு. பேரன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "தாத்தா, இது ஹாருத்தா?" என்று கேட்டான். பறக்குமா என்று கேட்கிறான். அவனுக்குக் கன்னடம்தான் முதலில் வாயில் வரும். பறக்காது, இனிமேல் தின்னும், அவ்வளவுதான் என்றேன். மகள் என்னை முறைத்தாள்.

சத்தம் தாங்காமல் வெளியே வந்து படியில் நின்றேன். கதவைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை ஓடுகிறது. வெயிலில் காய்ந்து வெடித்து, மேலே யாரோ வெள்ளிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கையில் வந்த துண்டைப் பிய்த்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். அறுபது வயதுக்காரன் ஓட்டல் வாசலில் நின்று ரப்பரை மோந்து பார்த்தால் ஊர் என்ன நினைக்கும் என்றெல்லாம் தோன்றவில்லை. கொஞ்சம் கந்தகம், கொஞ்சம் எண்ணெய், அடியில் ஒரு புளித்த வாடை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் இருபதுகளின் வாசனை அதுதான். மற்றவர்களுக்கு மல்லிகைப்பூ, காபிக்கொட்டை என்று ஏதாவது இருக்கும். எனக்கு வாய்த்தது இது.

நான் அப்போது மைசூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பெயர் வேண்டாம், விடுங்கள். கம்பெனியும் இல்லை, முதலாளியும் இல்லை. தகரக் கூரை போட்ட இரண்டு ஷெட், நாற்பது பேர். அப்பா சேலத்திலிருந்து கொத்து வேலைக்கு வந்து இந்த ஊரிலேயே தங்கிவிட்டவர். மகன் வெயில் படாத வேலைக்குப் போகிறான் என்று அவருக்கு ஒரே பெருமை. நாங்கள் செய்தது ரப்பர் வளையங்கள். வளையல் மாதிரி சின்னதிலிருந்து தோசைக்கல் சுற்றளவு வரைக்கும். எல்லாம் இதே ஜாதி சரக்கு விமானத்துக்கு மாற்று உதிரிபாகங்கள். விமானம் வெளிநாட்டில் பிறந்தது. அந்த ஊர்க்காரர்கள் உதிரிபாகம் அனுப்புவதை நிறுத்திக்கொண்டே வந்தார்கள். படைக்கு வேறு வழியில்லை. இங்கே செய்யத் தெரிந்தவர்களாகப் பார்த்துப் பிடித்தார்கள். அப்படித்தான் குழாய்க்கு வாஷர் போட்டுக்கொண்டிருந்த எங்கள் முதலாளிக்கும் யோகம் அடித்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்த விமானத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. என்னிடம் இருந்தது தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் படம். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிக் காற்றில் தொங்கவிட்டு, பக்கத்தில் எண் போட்டிருக்கும். எழுத்து நமக்குப் புரியாத அந்நிய எழுத்து. எண்ணை வைத்தே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டேன். சக்கரத்தைத் தாங்குகிற முன்கால், பின்கால், பின்பக்கம் பீரோ மாதிரி திறந்து சாய்ந்து இறங்குகிற பலகை, எண்ணெய் ஓடும் குழாய். ஒருத்தரைத் துவைத்துப் போட்ட துணியை வைத்து மட்டும் தெரிந்துகொள்வது போலத்தான். முழு உருவத்தை முதல்முதலாகப் பார்த்தது போன வாரம், கோபி மஞ்சூரியன் வாடையோடு.

கேட்டில் ஒரு வாட்ச்மேன் இருந்தார். கொள்ளேகால்காரர், பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். அவர் ஒருவர்தான் கம்பெனியிலேயே அந்த விமானத்தில் உட்கார்ந்து போனவர். டீ குடிக்கிற நேரத்தில் கேட்டால் சொல்லுவார். "உள்ள ரெண்டு பக்கமும் பெஞ்சு. நடுவால அரிசி மூட்டை, சீமெண்ணெய் டிரம்மு, ஒரு தடவை உசுரோட ஆடு. ஆடு கத்துது, பக்கத்துல இருக்கறவன் வாந்தி எடுக்கறான், மேல இருந்து எண்ணெ சொட்டுது. சொட்டுனாத்தான் நல்லதுன்னு பைலட்டு சொல்லுவாரு. சொட்டலைன்னா உள்ள எண்ணெ இல்லைன்னு அர்த்தமாம்." அப்புறம் குரலை இறக்கிக்கொண்டு, "மலையில எறங்கறப்ப கீழ டொப்புன்னு ஒரு சத்தம் கேக்கும் பாரு. சக்கரம் வெளிய வந்துருச்சுன்னு அர்த்தம். அந்தச் சத்தம் கேக்கற வரைக்கும் ஒருத்தனும் பேச மாட்டான்" என்பார். அந்த டொப்புக்கு எண்ணெய் அழுத்தம் வேண்டும். அழுத்தம் கசியாமல் நிற்க வளையம் வேண்டும். அந்த வளையம்தான் எங்கள் தகரக் கூரைக்கு அடியில் வெந்துகொண்டிருந்தது.

ரப்பருக்கு வயசு உண்டு, தெரியுமா உங்களுக்கு? இரும்பு சும்மா கிடந்தால் கிடக்கும். ரப்பர் பொட்டலத்துக்குள் இருந்தபடியே கிழடு தட்டும். பார்க்க மினுமினு என்று இருக்கும், அழுத்தினால் உள்ளே உயிர் போயிருக்கும். அதனால் வெந்த நாளை ஒவ்வொரு பொட்டலத்து அட்டையிலும் எழுத வேண்டும். வருஷத்தை நாலாகப் பிரித்து ஒரு குறி. இத்தனை வருஷத்துக்குள் மாட்டாவிட்டால் அது வேண்டாம். இந்த நாளைப் பார்க்கிற வேலை சரோஜாவுடையது.

சரோஜா எங்கள் இன்ஸ்பெக்டர். ஹனூர் பக்கம் விவசாயக் குடும்பம். டிப்ளமா படித்துவிட்டு மைசூருக்கு வந்து, தன் பெயரில் ஒரு வீடு பார்த்து, தனியாக இருந்த அம்மாவையும் கூட்டிவந்து வைத்துக்கொண்டவள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு யார் வீடு கொடுப்பார்கள் அந்தக் காலத்தில்? வேலை இருக்கிறது என்று கம்பெனிக் கடிதத்தைக் காட்டித்தான் வாங்கினாள். அந்தக் கடிதத்தை நான்தான் டைப் அடித்தேன். என்னைவிட இரண்டு வயது பெரியவளாக இருக்கலாம். மற்றவர்கள் முன்னால் நான் மேடம் என்பேன், இரண்டு பேரும் தமிழில் பேசும்போது 'ஏங்க' என்பேன். அவளும் 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுவாள். பேன்ட்ரியில் என் டிபன் பாக்ஸில் இருந்து ஊறுகாய் மட்டும் எடுத்துக்கொள்ளும் உரிமை அவளுக்கு உண்டு. அவ்வளவுதான் பழக்கம். கதை கட்டாதீர்கள்.

அவள் வேண்டாம் என்று முடிவு பண்ணிய பொட்டலத்தில் ஒரு சிவப்புச் சீட்டு தொங்கும். சிவப்புக் காகிதம், அதில் எண், காரணம், கையெழுத்து. வெள்ளை நூலால் இரண்டு முடிச்சு. நூல்கண்டு அவள் மேஜையிலேயே இருக்கும், பல்லால் கடித்து அறுப்பாள். சிவப்புச் சீட்டு தொங்கினால் யாரும் அந்தப் பொட்டலத்தைத் தொட மாட்டார்கள். பேக்கிங் ஆட்களுக்கு நாள் குறி எல்லாம் படிக்கத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. சிவப்பு இருக்கிறதா இல்லையா, அது மட்டும்தான் அவர்களுக்கு. அந்த வருஷம் பின்காலுக்கான வளையம் பன்னிரண்டு பொட்டலம் நாள் தாண்டிப்போய், ஓர ராக்கில் பன்னிரண்டு சிவப்புச் சீட்டோடு உட்கார்ந்திருந்தது. மேனேஜருக்குக் கண் உறுத்தும். "ரப்பருக்கும் ஜாதகா நோட்தீரா மேடம்?" என்று கேலி பண்ணுவார். ரப்பருக்கும் ஜாதகம் பார்க்கிறீர்களா என்று. அவள் சிரிக்கமாட்டாள். "ஜாதகம் இல்லீங்க சார், ஆயுசு" என்பாள்.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். மைசூர்க்காரர்களுக்கு இந்தப் பண்டிகை வந்தால் ஒரு சுத்தப் பைத்தியம் பிடிக்கும். ஊரே அரண்மனையையும் யானையையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு ஷெட்டிலும் ஒருத்தன் மெஷினுக்கு மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பான். வருஷம் முழுக்கத் திரும்பிப் பார்க்காத ஸ்பேனருக்குக்கூட அன்று சந்தனம் உண்டு. சைக்கிள், தராசு, டைப்ரைட்டர், கக்கூஸ் பக்கெட் தவிர எல்லாவற்றுக்கும் பொட்டு. என் சித்தப்பா ஒருத்தர் தன் பல்செட்டுக்கே பொட்டு வைத்தவர். கேட்டால் அதுவும் ஆயுதம்தானே என்பார். நான் மட்டும் குறைந்தவனா? ஸ்டோருக்குப் பூஜை என் பொறுப்பு. மூன்று நாளாக ராக் எல்லாம் துடைத்து, பழைய பேப்பர் மாற்றி, பொட்டலங்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் மேனேஜர் வந்து ராக்கைப் பார்த்தார். முதலாளி குடும்பத்தோடு வருகிறார், கூட அவர்கள் குருவும் வருகிறார். "ஏனய்யா இது, அம்மன் முன்னாலே 'பேடா பேடா'ன்னு சீட்டு தூக்கிட்டு நிக்குது? லக்ஷணவா இது?" என்றார், வேண்டாம் வேண்டாம் என்று நிற்கிறதாம். எடு என்று சொல்லவில்லை. அந்த ஆள் எப்போதும் எதையும் எடு என்றோ வை என்றோ சொல்லமாட்டார், மூஞ்சியைச் சுளித்துவிட்டுப் போவார், நாம் புரிந்துகொள்ள வேண்டும். எனக்குத்தான் புரிந்துகொள்வதில் அத்தனை கெட்டிக்காரத்தனம் ஆயிற்றே! சரோஜா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஹனூர் போய்விட்டாள், திங்கட்கிழமைதான் வருவாள். பன்னிரண்டு சீட்டையும் அவிழ்த்து, ஒரு ரொட்டிக் கவரில் போட்டு, என் மேஜை இழுப்பறையில் வைத்தேன். பூஜை முடிந்ததும் கட்டிவிடலாம். அது மட்டும்தான் மனசில். பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்து, ராக்கில் இருந்த எல்லாப் பொட்டலத்துக்கும் பொட்டு வைத்தேன், அந்தப் பன்னிரண்டுக்கும் சேர்த்து. சந்தனம், மேலே குங்குமம். கறுப்புப் பொட்டலத்தில் அது எடுப்பாக இருந்தது. மறுநாள் பூஜையில் குருவே பார்த்துவிட்டு நல்லா அடுக்கியிருக்கிறாய் என்றார். நானும் இளித்தேன்.

பூஜை முடிந்து கேட்டில் பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை வாங்கிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போனோம். சீட்டை மறுபடி கட்ட மறந்துவிட்டேன். மறந்துதான் போனேன், சத்தியமாக. தசரா ஊர்வலம் பார்க்க சேலத்திலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள், அந்தக் கூத்தில் எதுவும் நினைவில் இல்லை. விடுமுறை முடிந்த சனிக்கிழமை நான் வரவில்லை. பேக்கிங் ஆட்கள் மட்டும் வந்து, தவணை தாண்டிக்கொண்டிருந்த ஒரு பெட்டியை நிரப்பி, வடக்கே படையின் கிடங்குக்கு லாரி ஏற்றிவிட்டார்கள். ராக்கில் சிவப்பு எதுவும் இல்லை. அவர்கள்மேல் என்ன தப்பு?

திங்கட்கிழமை காலை சரோஜா வந்ததும் நேராக ஓர ராக்குக்குத்தான் போனாள். "ஏனுங்க, என்ற பன்னண்டு பொட்டலம் எங்கீங்க?" என்றாள். எனக்கு அப்போதுதான் இழுப்பறை நினைவுக்கு வந்தது. லாரியில் போய்விட்டது என்றேன். "சீட்டு?" என்றாள். வாய் திறப்பதற்குள் மேனேஜர் உள்ளே வந்துவிட்டார். நான் ரெஜிஸ்டரைப் புரட்ட ஆரம்பித்தேன். என்ன தேடினேன் என்று எனக்கே தெரியாது.

அவள் அவரிடம் தந்தி கொடுக்கச் சொன்னாள். பெட்டியைப் பிரிக்காமல் நிறுத்தி வையுங்கள் என்று ஒரு வரி போதும். அவர் மறுத்தார். நாள் தாண்டியது கொஞ்ச மாசம்தானே, அதற்குள் ரப்பர் செத்தா போய்விடும், தந்தி கொடுத்தால் ஆர்டர் போகும், நாற்பது குடும்பம் நடுத்தெருவில் நிற்கும் என்றார். அவள், "அதுல ஏறிப் போறவங்களுக்கும் குடும்பம் இருக்குதுங்க சார்" என்றாள். அதற்கு மேல் வாதாடவில்லை. அன்று சாயங்காலமே தன் நோட்டுப் புத்தகத்தில் இருந்த பன்னிரண்டு எண்ணையும் எழுதி, கீழே தன் பெயரையே போட்டு, கிடங்குக்குக் கடிதம் அனுப்பிவிட்டாள். மொட்டைக் கடிதம் எழுதத் தெரியாதவள். அந்த ஒரு விஷயத்தில் அவளைப் போல ஒரு முட்டாளை நான் பார்த்ததில்லை என்று அப்போது நினைத்தேன். பாருங்கள், யார் யாரை முட்டாள் என்கிறது!

மூன்று வாரம் கழித்துப் பெட்டி திரும்பி வந்தது, கூடவே ஒரு ஆபீசரும். வடக்கத்திக்காரர், மீசை இல்லாத சின்ன உருவம். ஆபீஸ் அறையில் மேஜைமேல் பெட்டியைத் திறந்தார்கள். பொட்டலங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார். எல்லாவற்றிலும் பொட்டு. சந்தனம் காய்ந்து வெடித்து, குங்குமம் அப்பிக்கொண்டு. "யே க்யா ஹை?" என்றார், இது என்ன என்று. முதலாளி பதறிக்கொண்டு ஆயுத பூஜை பற்றி இங்கிலீஷில் ஒரு பிரசங்கம் பண்ணினார். ஆபீசர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சரோஜாவைப் பார்த்து, நாள் தாண்டியது எப்படி வெளியே போயிற்று என்று கேட்டார். சிவப்புச் சீட்டு கட்டியிருந்தேன் என்றாள். மேனேஜர், அப்படி எந்தச் சீட்டும் கிடையாது, இந்தம்மா கவனிக்காமல் விட்டுவிட்டு, பிறகு பயந்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கடிதம் எழுதிவிட்டாள் என்றார். கண் சிமிட்டாமல் சொன்னார், பாவி.

அவள் கலங்கவே இல்லை. எனக்கு அதுதான் இன்றைக்கும் தாங்கவில்லை. கதவோரம் நின்றிருந்த என்னைக் கையைக் காட்டி, "இவரைக் கேளுங்க சார். ஒவ்வொரு பொட்டலத்தையும் கையில எடுத்துப் பொட்டு வெச்சவரு இவருதானுங்க" என்று நிம்மதியாகச் சொன்னாள். சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகூட உட்கார்ந்துவிட்டாள். இனி இவர் பார்த்துக்கொள்வார் என்கிற மாதிரி.

ஆபீசர் கேட்டார், மேனேஜர் கன்னடத்தில் சொன்னார். நீ பொட்டு வைத்தபோது இந்தப் பொட்டலங்களில் சிவப்புச் சீட்டு இருந்ததா?

கேள்வியைக் கவனித்தீர்களா? பொட்டு வைத்தபோது! ரொட்டிக் கவர் அடுத்த அறையில், என் இழுப்பறையில், பத்தடி தூரத்தில் இருக்கிறது. முதலாளி என்னைப் பார்க்கிறார். மேனேஜர் தன் விரல் நகத்தைப் பார்க்கிறார். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அப்பாவுக்கு இடுப்பு போயிருந்தது, அதெல்லாம் அந்த நிமிஷத்தில் நினைவுக்கு வந்தது என்று சொன்னால் அதுவும் புளுகு. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வெறும் பயம். "இரலில்ல சார்" என்றேன். இருக்கவில்லை.

பொய் சொன்னேன் என்று யாராவது சொல்லமுடியுமா? சீட்டை அவிழ்த்தது முதலில், பொட்டு வைத்தது பிறகு. பொட்டு வைத்தபோது சீட்டு இல்லை. அட்சரம் பிசகாத உண்மை. இந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது. நேராகப் பொய் சொன்னவனாவது ஒரு மனுஷன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கையருகே இருந்த பொட்டலத்தின் பொட்டைப் பார்த்தாள். "அவ்வளவுதானுங்களா?" என்று தமிழில் கேட்டாள். அறையில் அது எதைக் கேட்கிறது என்று புரிந்த ஒரே ஆள் நான்தான்.

அந்த வாரமே அவள் சீட்டைக் கிழித்துவிட்டார்கள், வேலையிலிருந்து. கவனக்குறைவு, கம்பெனி விஷயத்தை வெளியே எழுதியது என்று இரண்டு காரணம். டைப் அடித்தது யார் என்று கேட்கிறீர்களா? வேறு யார், நான்தான். அவள் சாமானை எடுத்துக்கொள்ள வந்த அன்று, பூதக்கண்ணாடியையும் முத்திரையையும் மேனேஜரிடம் கொடுத்துவிட்டு, என் மேஜைக்கு வந்தாள். வெள்ளை நூல்கண்டை என் முன்னால் வைத்தாள். பாதிகூட உபயோகிக்காத புதுக்கண்டு. "சீட்டு உங்ககிட்டத்தான் இருக்கும். நூலும் இருந்துட்டுப் போகட்டுமுங்க" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. வீட்டுக்காரர் அடுத்த மாசமே காலி பண்ணச் சொல்லிவிட்டார் என்று வாட்ச்மேன் சொன்னார். அம்மாவோடு நஞ்சன்கூடு போய், ஒரு தொழிற்சாலையில் பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வேலைக்குச் சேர்ந்தாளாம். நஞ்சன்கூடு எவ்வளவு தூரம்? முக்கால் மணி நேர ரயில். இந்த முப்பது வருஷத்தில் எனக்கு அந்த ரயில் கிடைக்கவே இல்லை.

அவள் நாற்காலி காலியாக இருந்தது. யாருக்குக் கொடுத்தார்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். முத்திரையும் பூதக்கண்ணாடியும் கைக்கு வந்தன. அப்பா மைசூர்பாகு வாங்கித் தெருவெல்லாம் கொடுத்தார். அந்த இனிப்பில் எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார், தின்றேன். அடுத்த ஆயுத பூஜைக்கு வழக்கம்போல இழுப்பறையைச் சுத்தம் பண்ணினேன். ரொட்டிக் கவர் கையில் வந்தது. பிரித்துப் பார்த்தேன். பன்னிரண்டு சீட்டு, அவள் கையெழுத்து, அவிழ்த்த நூலோடு. அப்போதாவது கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஷெட்டுக்குப் பின்னால் குப்பை எரிந்துகொண்டிருந்தது, அதில் போட்டேன். மனசாட்சி உறுத்தி எரித்தேன் என்று நினைக்காதீர்கள். பூஜைக்கு இழுப்பறை சுத்தமாக இருக்க வேண்டாமா?

அதற்கப்புறம் பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் கம்பெனி ஓடியது. சரோஜாவின் கடிதம் கொடுத்த பயத்தில் கிடங்குக்காரர்கள் எங்கள் பெட்டியை ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்துப் பார்த்தே எடுத்துக்கொண்டார்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர எனக்கு வேறு கதி இல்லை. மலையில் எங்கேயாவது சரக்கு விமானம் ஒன்று காணோம் என்று செய்தி வந்தால், இன்றைக்கும் டிவியை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவேன். மனைவி இதய நோய் என்று நினைத்து மாத்திரை எடுத்துக்கொண்டு பின்னால் வருவாள்.

இப்போது எதுவும் இல்லை. இரண்டு ஷெட்டையும் இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். ரப்பர் வெந்த இடத்தில் ரசம் கொதிக்கிறது. மேனேஜர் போய்ச் சேர்ந்துவிட்டார், வாட்ச்மேனும் இல்லை. அந்தத் தலையணைப் புத்தகம் எடைக்குப் போயிருக்கும். உதிரிபாகத்துக்கு இப்போதெல்லாம் கோடு கோடாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, மெஷின் கண்ணைக் காட்டிப் பார்க்கிறார்களாம். யார் மூஞ்சியைச் சுளித்தாலும் மெஷினுக்குக் கவலை இல்லை. நல்லதுதான்.

ரப்பர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது மாப்பிள்ளை வந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார். பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, "எங்க மாவனவரு இதே ஃப்ளைட்டுக்குப் பார்ட்ஸ் செக் பண்ணினவரு, கொத்தா? குவாலிட்டி இன்ஸ்பெக்டர்!" என்று எல்லோருக்கும் சொன்னார், எங்கள் மாமனார், தெரியுமா என்று. தொப்பி வைத்த பையன்கள் உள்பட அத்தனை பேரும் கை தட்டினார்கள். மகள் கண் கலங்கி செல்ஃபி எடுத்தாள். ஒரு வார்த்தை, இல்லை, நான் இல்லை, அது சரோஜா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தட்டில் இருந்த கேக்கைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பழக்கம் விடுமா? சீ!

விஜயநகர் வீட்டுக்குத் திரும்பி ஸ்கூட்டரை நிறுத்தும்போதுதான் பார்த்தேன். ஹேண்டிலில் ஆயுத பூஜைக்குக் கட்டிய செவ்வந்திச் சரம் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. கட்டியிருந்தது ஒரு வெள்ளை நூல். எந்த நூல் இது என்று மனைவியைக் கேட்டேன். "உங்க பழைய பிஸ்கட் டப்பாவில ஒரு கண்டு கெடந்துது இல்ல, அதுலதான். ஏன், எடுக்கக் கூடாதா?" என்றாள்.

அந்த டப்பாவை எடுத்துவந்து உட்கார்ந்தேன். பத்து வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்து, எத்தனையோ பொட்டலம் என் கையால் போயிருக்கிறது. நான் ஒன்றில்கூடச் சிவப்புச் சீட்டு கட்டவில்லை. நூல்கண்டு அவள் வைத்துவிட்டுப் போன அன்று இருந்தபடியேதான் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அதிலிருந்து ஒரு முழம் குறைந்திருந்தது, ஸ்கூட்டருக்குப் பூ கட்ட.